கரட் பாத்திக்குக் கீழே

கழுவிய கரட்டில் ஒரு நீள மயிர் சுற்றியிருந்தது. தனுஜா அதை நகத்தால் கிள்ளி உருவினாள். வழுக்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. இடுப்பளவு நீளம், நுனியில் சாம்பல்நிறக் கோழை. குழாய்க்கிணற்றிலிருந்து மோட்டர் இழுத்துத் தொட்டியில் கொட்டிய தண்ணீர் சில நாளாகவே சேறாகத்தான் வந்தது. இன்று அதன்மேல் எண்ணெய்போல ஒரு படலம் வட்டம் வட்டமாக விரிந்து, கையை விட்டால் முழங்கையில் வளையமாக ஒட்டி, ஈரத்தோடு மூட்டை கட்டிவைத்த அழுக்குத்துணியின் புளித்த வாடையை மூக்குவரை ஏற்றியது.

"என்னங்க, தண்ணி நாறுது. மயிரெல்லாம் வருது."

பாத்தியில் குழாயை இழுத்துக்கொண்டிருந்த அஜந்தன் நிமிரவில்லை. "காஞ்சு கெடக்குற நேரத்துல வர்றதே பெருசு. லொறி வந்துரும், கழுவு புள்ள."

பண்டாரவளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் கைவிட்ட சரிவில் அவர்கள் வீடு மட்டும் தனியாக இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் மேட்டுக்கு மேலே. மழை பொய்த்த இந்த மாதங்களில் மோட்டர் பகலிலும் இரவிலும் நிற்கவில்லை. சென்ற வாரம் பயிரைப் பார்க்க வந்த விவசாய அலுவலர் கனகசபை, கலங்கிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து முகம் சுளித்தார்.

"தம்பி, தண்ணியோட மண்ணும் வருகுது. உங்க அடியில சுண்ணாம்புக் கல்லு, பொந்துகள் இருக்கும். தண்ணி நிக்கும்வரைக்கும் மேல் மண்ணைத் தாங்கும். நீங்கள் இப்பிடி இழுத்தா பொந்து வெறுமையாகி, மண் அதுக்குள்ள சொரியும். ஒருநாள் மேலயும் இறங்கும். கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ."

அஜந்தன் சிரித்துச் சமாளித்தான். அவர் போனதும் சுவிட்சைப் போட்டான்.

வெயில் இறங்கும் நேரத்தில் தனுஜா வீட்டுக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்குப் போனாள். கதவு நிலையில் உரசிப் பாதியில் நின்றது. காலையில் இல்லாத வெடிப்பொன்று சுவரில் கூரைவரை ஓடியிருந்தது. மலக்கோப்பையில் எப்போதும் நிற்கும் தண்ணீர் இல்லை. அதன் ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஈரமண்ணும் மலமும் கலந்து, தொண்டையில் ஏடாகப் படிகிற கெட்டியான காற்று. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, எங்கோ மிக ஆழத்தில், சளப்பென்றது.

குளிக்கிற தண்ணீரும் இந்தக் கக்கூசுக் குழிக்குத்தான் போகும். அவள் தலைமுழுகும்போது உதிர்கிற மயிரும்.

குழி அடியில் உடைந்து கிணற்றோடு கலந்துவிட்டது. கழுவும்போதே ஒரு கரட்டைக் கடித்துத் தின்றது நினைவுக்கு வந்தது. அதன் நார் இன்னும் பல்லிடுக்கில். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கையிலும் அதே வாடை.

வெளியே பூமி ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம்.

ஓடிவந்தாள். பாத்தி நடுவே வட்டமாக ஒரு பள்ளம் வாயைத் திறந்திருந்தது. விளிம்பிலிருந்து கரட் கொத்துக் கொத்தாக உள்ளே உதிர்ந்தது. அஜந்தனைக் காணவில்லை.

"என்னங்க!"

மோட்டரின் இரைச்சல் மட்டும். கிட்டப் போனாள், காலடி மண் கழன்றது. பின்னால் சாய்ந்து விழுந்து, தவழ்ந்து, லயத்திலிருக்கும் மாரியாயிக்குப் போன் போட்டாள்.

"மாரியாயிக்கா, இவரு குழிக்குள்ள விழுந்துட்டாரு! கயிறோட ஆளுகள கூட்டிட்டு வாங்கக்கா!"

அப்போது வீட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. "தனு..."

கக்கூசிலிருந்து.

பாத்திக்கு அடியிலிருந்த பொந்து கக்கூசுக்கு அடிவரை போயிருந்தது. அவள் மண்டியிட்டுக் கோப்பையின்மேல் குனிந்தாள். நாற்றம் கண்ணைக் கரித்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"தெரியல. இருட்டு. இடுப்பு வரைக்கும் பீச்சேறு. மோட்டரு கால இழுக்குது, நிப்பாட்டு!"

ஓடிப்போய் நிறுத்தினாள். திடீரென்று எங்கும் அமைதி. திரும்பி வந்தபோது கீழே ஏதோ மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

"தனு, ஏறுது. நெஞ்சுக்கு வந்துருச்சு. போட்டுரு, போட்டுரு!"

போட்டாள். தொட்டியில் கரட்டின்மேல் கறுப்புக் கூழ் பீச்சியடித்தது. கக்கூசிலிருந்து அலறல். நீண்ட அலறல். மோட்டர் இருமியது. திணறியது. ரப்பர் கருகும் வாடை. நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை.

ஓடினாள்.

"வாயத் தெறந்தா உள்ள போகுது தனு..."

"தெறக்காதீங்க! பேசாதீங்க!"

அவன் பேசவில்லை.

கோப்பைக்குள் கறுப்பு தெரிந்தது. மெல்ல ஏறியது. பாதி. முக்கால். இரண்டு கைகளையும் விட்டு வாரி வாரி வெளியே கொட்டினாள். வழவழப்பு. இளஞ்சூடு. விரலிடுக்கில் புழு. வாரினாள். அது ஏறிக்கொண்டே இருந்தது.

மேட்டில் டோர்ச் வெளிச்சங்கள். மாரியாயியின் குரல். "எங்கடி இருக்க?"

கூழ் விளிம்பில் தளும்பி நின்றது. நடுவில் ஒரு குமிழி எழுந்தது. ஊதியது. உடையவில்லை. மெதுவாக உள்ளே அடங்கியது.

மறுபடி ஊதியது.