கல்லைப் படித்தால் காலி!

"பிணம்...! ஐயோ, பிணம்!"

அலறியது பதிப்பாளர் அம்மாள். கையிலிருந்த புத்தகக் கட்டு தொப்பென்று தரையில் விழுந்தது.

ஹால் மொத்தமும் திரும்பியது.

மூன்றாவது வரிசை. ஓர நாற்காலி. ஒரு கனத்த உடல்! தலை பின்னால் தொங்கியது. வாய் பிளந்திருந்தது. கைகள் இரண்டும் லாரியிலிருந்து இறக்கிப் போட்ட மூட்டைகள் போலக் கிடந்தன. மடியில் ஒரு புத்தகம்... தலைகீழாக!

பக்கத்து நாற்காலிப் பெண்மணி அசரவில்லை.

"கத்தாதீங்கம்மா. அது பிணம் இல்ல. என் வீட்டுக்காரர்."

"மூச்சே இல்லையே!"

"இருக்கு. கொஞ்சம் பொறுங்க... வரும்."

வந்தது! ஜல்லி உடைக்கிற மெஷினை முடுக்கிவிட்டதுபோல ஒரு குறட்டை!

"என்ன வேலை பார்க்கிறார்?"

"போலீஸ் இன்ஸ்பெக்டர்."

"அதானே பார்த்தேன்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மனைவி முழங்கையால் விலாவில் ஒன்று வைத்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றே விட்டார்.

"எவன்டா அவன்? ஓடாதே!"

"யாரும் ஓடலைங்க. உட்காருங்க, மானம் போகுது. நைட் டூட்டி முடிச்சு வந்த மனுஷனைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மேடையில் எழுத்தாளர் தொண்டையைச் செருமினார்.

பத்து வருஷமாக மனைவியின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு பழங்காலக் கல்லின் புகைப்படத்தை முறைத்துக்கொண்டே இருந்த மனிதர். உலகத்தில் யாராலும் படிக்க முடியாத எழுத்தைப் படித்துவிட்டேன் என்று தடிமனாக ஒரு புத்தகம் போட்டுவிட்டார். அது ஒரு ராஜாவின் கட்டளையாம்!

முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவருடைய ஜென்ம விரோதி. பேராசிரியர். 'அது எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல்' என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

இன்று இருவருக்கும் பந்தயம்!

அசல் கல் மியூசியத்திலிருந்து வந்திருக்கிறது. எழுத்தாளர் எல்லார் முன்னாலும் அதைத் தொட்டுப் படித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பேராசிரியர் மேடையில் மன்னிப்புக் கேட்பார். காட்டாவிட்டால் புத்தகம் வாபஸ்!

வாபஸ் என்றால் பதிப்பாளர் அம்மாளும் காலி. வீட்டை அடமானம் வைத்து அச்சடித்த புத்தகம் அது.

"எழுதறவனுக்கு இடம் பத்தாமப் போகும், இல்லையா?" என்றார் எழுத்தாளர் மைக்கில். "ஆரம்பத்துல தாராளமா எழுதுவான். கடைசில ஐயையோன்னு நெருக்குவான். எங்க நெருக்கம் இருக்கோ, அங்கதான் முடிச்சிருக்கான். படத்தைப் பாருங்க!"

பார்த்தார்கள். ப்ரொஜெக்டர் காட்டிய படம் திரைக்கு மேலே ஏறி, பாதி கூரையில் கிடந்தது.

"கழுத்து வலிக்குது சார்! மெஷினைக் கொஞ்சம் இறக்குங்க!"

"மெஷினை யாரும் தொடக்கூடாது!" எழுத்தாளர் சீறினார். "பாருங்க, நெருக்கம் இடது பக்கம். அப்போ எழுத்து வலமிருந்து இடம்! பத்து வருஷம் அப்படியே எழுதிப் பார்த்துப் பார்த்து, எனக்கு இப்போ எல்லாமே கடைசி எழுத்துலேர்ந்துதான் வருது. மளிகைச் சீட்டு உள்பட!"

கைதட்டல்.

இன்ஸ்பெக்டரின் மனைவியும் தட்டினாள். சற்றுமுன் அவளுக்குக் கையெழுத்துப் போட்டபோதும் மனிதர் கடைசி எழுத்தில் தொடங்கித்தான் பேரை முடித்தார்.

"இதோ... அந்தக் கல்!"

மேஜைமேல் கண்ணாடிப் பெட்டி. அதன்மேல் சிவப்புத் துணி. எழுத்தாளர் சுண்டி இழுத்தார்.

பெட்டி காலி!

"கல்லு...! என் கல்லு...!"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுத்தாளர் சரிந்தார். சரியும்போது நாற்காலி எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் சரிந்தார்.

இன்ஸ்பெக்டரின் தூக்கம் பறந்தது. "கதவைச் சாத்துங்க! ஒருத்தரும் வெளியே போகக்கூடாது!"

"அப்பாடா, இப்பதான் முழிச்சீங்க," என்றாள் மனைவி.

கல்லைத் தேடி மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் எல்லாரும் நுழைந்தார்கள். இடது மூலையில் இரும்பு பீரோ. வலது மூலையில் கதவு. நடுவிலிருந்த வெள்ளைச் சுவரில், சிவப்புப் பெயிண்டில்...

'அது எழுத்தே இல்லை! கல்லைப் படித்தால் காலி!'

பெயிண்ட் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. 'காலி' மட்டும் குடை விரித்ததுபோல அகலமாக இருந்தது. 'அது' பீரோ ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது.

"அது எழுத்தே இல்லை..." வாய்விட்டுப் படித்த பதிப்பாளர் அம்மாள் பேராசிரியர் பக்கம் பாய்ந்தாள். "யோவ்! இது உன் வசனமாச்சே!"

"வசனம் என்னுதுதான். சுவரு என்னுது இல்ல!"

"கல்லை எங்கய்யா வச்சே?"

"கிறுக்கின கல்லைத் திருடி நான் என்ன பண்ண, துணி துவைக்கவா?"

"இவன்தான் இன்ஸ்பெக்டர்!" எழுத்தாளர் மூச்சு வாங்கினார். "நான் படிச்சுட்டா இவன் மன்னிப்புக் கேக்கணும். அதான் தூக்கிட்டான். கல்லு இல்லாம எப்படிப் படிப்பேன்? பந்தயம் ரத்து! புத்தகம் அப்படியே இருக்கட்டும்!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"கல்லு போனதுல ரொம்ப வருத்தமோ?"

"உயிரே போச்சு!"

"போன உயிரு பந்தயம் ரத்துங்கிறதை மட்டும் மறக்காமச் சொல்லுதே..."



"ஏங்க..." மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தூங்கிட்டீங்க. நான் முழுசாக் கேட்டேன். சார், ஒரு சந்தேகம். இடம் பத்தலைன்னா எழுதறவன் எங்க நெருக்குவான்?"

"முடிக்கிற இடத்துல," என்றார் எழுத்தாளர். பழக்கம்!

"இந்தச் சுவத்துல எங்க நெருக்கியிருக்கு?"

"இடது பக்..."



பெயிண்ட் ஒழுகுவதே கேட்டது.

"தமிழை இடமிருந்து வலமா எழுதறவன், 'காலி'யைத்தான் கதவு மூலையில நெருக்கியிருப்பான்," என்றாள் அவள். "இவரு 'காலி'யில தாராளமா ஆரம்பிச்சு, பின்னாலயே வந்து, 'அது'வுக்கு இடமில்லாம பீரோவுல முட்டிட்டாரு. இந்த ஹால்ல கடைசி எழுத்துலேர்ந்து எழுதற ஆளு யாரு?"

புத்தகத்தைப் பிரித்துக் கையெழுத்தை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "கல்லு எங்கேன்னு நான் சொல்றேன். அதையாவது எனக்கு விட்டுவை!"

நேராக ஹாலிலிருந்த ப்ரொஜெக்டரிடம் போனார். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது மெஷின். அடியில் கையை விட்டார். கறுப்புத் துணியில் சுற்றிய ஒன்று வந்தது. செங்கல் அளவு. செங்கல்லைவிடக் கனம்.

"சின்ன வயசுல சூளையில செங்கல் சுமந்தவன் நான். மெஷினுக்கு எதை முட்டுக் கொடுத்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே தெரியும்!"

"அப்ப நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க," என்றாள் மனைவி.

பதிப்பாளர் அம்மாள் எழுத்தாளரின் சட்டையைப் பிடித்தாள். "ஏன்யா? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

எழுத்தாளர் உடைந்தார். நிஜமாகவே அழுதார்.

"காலைல பெட்டியைப் பிரிச்சு, கண்ணாடிக்குள்ள கல்லை நிக்க வச்சேம்மா. உருண்டு விழுந்துச்சு. மறுபடி வச்சேன். மறுபடி விழுந்துச்சு. அப்புறம்..."

இன்ஸ்பெக்டர் கல்லை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். புத்தக அட்டையில் இருந்தபடி வைத்தால் கவிழ்ந்தது. ஒரு பக்கம் வழுவழுவென்று உருண்டை. மறுபக்கம் தட்டையாகச் செதுக்கிய பாதம்! திருப்பி வைத்தார்.

ஜம்மென்று நின்றது.

"தலைகீழ்!" பேராசிரியர் குதித்தார். "பத்து வருஷமா போட்டோவைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிருக்கான்!"

"வெளியே தெரிஞ்சா என் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்?" எழுத்தாளர் விம்மினார். "அவ சம்பளம் பூரா இந்தக் கல்லுலதான் போச்சு!"

பேராசிரியர் காதில் எதுவும் விழவில்லை. கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். கண் மின்னியது.

"திருப்பி வச்சா நெருக்கம் வலது பக்கம் வருது. அப்போ இடமிருந்து வலம்! நம்மள மாதிரியே எழுதியிருக்கான்! இதோ இந்த மூணு குறி திரும்பத் திரும்ப வருது. இது ஆள் பேரு. இது எண்ணிக்கை. அடேங்கப்பா! இவ்வளவு தெளிவா எழுதினதைப் போய்..."

"புரொபசர் சார்," என்றாள் பதிப்பாளர் அம்மாள், வெண்ணெய் போன்ற குரலில். "எழுதினதா?"

பேராசிரியரின் விரல் கல்மேலேயே உறைந்தது.

"அது எழுத்தே இல்லைன்னுதானே இருபது வருஷமாச் சொல்றீங்க? கிறுக்கலுக்கு ஏதுங்க தலைகீழ்?"

இருபது வருஷம்! ஒரே நொடியில் இடிந்து விழுந்தது.

எழுத்தாளர் அழுகையை நிறுத்தினார். பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அவரைப் பார்த்தார். ஒரே குழிக்குள் விழுந்த இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற பார்வை.

"ரெண்டு பேரும் சேர்ந்து அடுத்த புத்தகம் எழுதறீங்க," என்றாள் அம்மாள். "இல்லேன்னா ரெண்டு பேர் கதையையும் நான் எழுதுவேன்."

இருவர் தலைகளும் ஒன்றாக ஆடின.

"கேஸ் எழுதணுமே," என்று முனகினார் இன்ஸ்பெக்டர். "கல்லு ஹாலைத் தாண்டலை. மிரட்டினவனும் இவரு, பயந்தவனும் இவரு. எந்தச் சட்டத்துல போடறது?"

"சுவத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லி விடுங்க," என்றாள் மனைவி. "ஏம்மா, அச்சடிச்ச பழைய புத்தகத்தை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

பதிப்பாளர் அம்மாள் யோசித்தாள். அடமான வீடு கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

"அட்டையில ஒரு சீட்டு ஒட்டிருவோம். 'தலைகீழாகப் பிடித்துப் படிக்கவும்'!"

இன்ஸ்பெக்டரின் மனைவி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பார்த்தீங்களா? இந்த ஹால்லயே புத்தகத்தைச் சரியாப் பிடிச்சிருந்த ஒரே ஆளு நீங்கதாங்க... அதுவும் தூக்கத்துல!"