கறுப்படித்த கிரீடம்

சாஜிதா பேகம் படியேறி வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் உள்ளே வந்தவர், கையில் சுருட்டி வைத்திருந்த துணியை மேசைமேல் விரித்தார்.

"இதைப் பாருங்க மேடம். லண்டன்ல ராஜாவுக்கு முடி சூட்டறாங்க, இங்க என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்க!"

அன்புமணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துவிட்டு, காந்திபுரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் சண்முகப்ரியா. அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து கல்யாண மாப்பிள்ளைகளின் யோக்கியதையை விசாரிப்பதுதான் அவன் வேலை. ராஜா என்ற சொல்லைக் கேட்டதுமே பெரிய வழக்கு ஒன்று வந்துவிட்டது என்று நினைத்தான்.

துணியில் புது மன்னரின் பெயர், அவருடைய முதலெழுத்துகள், முடிசூட்டு நாள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. முதலெழுத்துகளுக்கு மேலே இருந்த கிரீடத்தின்மேல் மட்டும் தடிப்பாகக் கறுப்பு மை பூசியிருந்தது.

"தட்டுத் துடைக்கிற துணிங்க இது. அங்க ஞாபகத்துக்குன்னு வாங்கி மாட்டி வெப்பாங்களாம். சிங்காநல்லூர்ல நம்ம அச்சுப் பட்டறைக்கு ஒரு லண்டன் கடைக்காரர் ஆர்டர் குடுத்தாரு. முதல் பார்சல் இன்னைக்குச் சாயங்காலம் விமானத்துல போகணும். காலையில போனா, காயப்போட்ட துணி அத்தனையிலும் இப்படி! அச்சடிக்கிற ஸ்கிரீனையும் கிழிச்சுட்டாங்க. சுவத்துல 'ராஜா வேண்டாம்'னு இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்காங்க."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குங்களா?" என்று சண்முகப்ரியா அமைதியாகக் கேட்டார்.

"எல்லாரும் ஆசிப்பைத்தான் சொல்றாங்க. படம் வரையற பையன். இங்கிலாந்துல படிச்சவன், ராஜாவே கூடாதுன்னு தெனமும் பேசுவான். வெங்கடபதி அண்ணன் போலீசுக்குப் போலாம்ங்கறாரு. கேஸுன்னு ஆயிட்டா அந்தப் பையன் மறுபடி வெளிநாட்டு விசா வாங்க முடியுங்களா? அவன்தான் பண்ணினான்னா சும்மா விடமாட்டேன். ஆனா தெரிஞ்சாகணும்."

உடனே சாஜிதாவோடு இருவரும் பட்டறைக்குக் கிளம்பினார்கள். பட்டறையின் சாவி ஆசிப், வெங்கடபதி, அச்சடிக்கும் பழனியாத்தாள் மூவரிடம்தான் இருந்தது. பழனியாத்தாள் வாசலிலேயே அழுது சிவந்த கண்ணோடு நின்றார். "ஸ்கிரீன் பிரேமைக் கழுவி வெச்சுபோட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போனேன். ஒவ்வொரு துணியும் என் கையால மை இழுத்து அடிச்சதுங்க."

வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடபதி லண்டனில் நெடுங்காலம் கடை நடத்தியவர். மேசைமேல் மறைந்த ராணியின் படம் போட்ட கோப்பை வைத்திருந்தார்.

"ராணி போனப்ப நான் மகன் ஊட்டுல இருந்தனுங்க. ராத்திரி முழுக்க வரிசையில நின்னு கும்பிட்டுட்டு வந்தேன். எனக்கு முன்னால நின்ன வெள்ளைக்காரர் சொந்தத் தாயைப் பறிகொடுத்தாப்பல அழுதாரு. அந்த மரியாதை இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க தெரியுது? ராணி கிரீடத்துமேல போய்க் கறுப்படிக்கக் கை எப்படித்தான் வந்துச்சோ!"

அன்புமணிக்குப் பாவமாக இருந்தது. குற்றவாளி ஆசிப்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டான்.

ஆசிப் எதையும் மறைக்கவில்லை. "எனக்கு ராஜா வேண்டாம்தானுங்க. நான் படிச்ச ஊர்ல கரண்டு பில்லுக்குப் பயந்து, கெழடு கட்டைங்க ஹீட்டரைக்கூடப் போடாம கம்பளியைப் போத்திட்டு உக்காந்திருந்தாங்க. அங்க எதுக்குங்க தங்கத் தேர்ல ஊர்வலம்? இதை வெங்கடபதி சார்கிட்ட மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். அதுக்காகப் பழனியக்கா பாடுபட்ட துணியை நாசம் பண்ணுவனா?"

"அங்க எல்லாரும் உங்களை மாதிரிதான் நினைக்கிறாங்களா?" என்று சண்முகப்ரியா கேட்டார்.

"இல்லீங்க. நான் வாடகைக்கு இருந்த ஊட்டுக்கார அம்மா அரண்மனைக்காரங்களை வாய் ஓயாம திட்டும். ஆனா விழான்னா தெருவுல முதல் ஆளாக் கொடி கட்டும். லீவு கிடைக்குது, எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக் திங்கலாம், வேறென்ன வேணும்னு கேக்கும். என்கூடப் படிச்ச பசங்களுக்கு ராஜா இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"கிரீடம் நீங்க வரைஞ்சதுங்களா?"

"படம் வெங்கடபதி சார் குடுத்ததுங்க. நான் எழுத்தை மட்டும் சேத்தேன். எந்தக் கிரீடமா இருந்தா எனக்கென்ன?"

சண்முகப்ரியா ஒரு துணியைத் தூக்கி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். மைக்கு அடியில் கிரீடத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. கைபேசியில் ஏதோ படம் தேடி, அதையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அன்புமணியும் எட்டிப் பார்த்தான். அவன் கண்ணுக்கு இரண்டுமே கிரீடம்தான்.

"எல்லாரையும் கூப்பிடு, அன்பு."

நால்வரும் அச்சு மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"ராஜா வேண்டாம்ங்கறவர் எதை அழிப்பாருங்க?" என்று சண்முகப்ரியா தொடங்கினார். "பேரை அழிப்பாரு, இல்லாட்டி முடிசூட்டற நாளை அழிப்பாரு. இங்க ரெண்டுமேல ஒரு சொட்டு மைகூடப் படலை. ஒவ்வொரு துணியிலயும் கிரீடத்தை மட்டும் பொறுமையா மூடியிருக்காங்க. கோபத்துல பண்ணின வேலை இல்லைங்க இது. எதையோ மறைக்கப் பண்ணினது."

"எதை மறைக்கணும் மேடம்?" அன்புமணியால் பொறுக்க முடியவில்லை.

அவர் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்தக் கிரீடத்தோட வளைவு நடுவுல குழிஞ்சிருக்குது பாரு. இது மறைஞ்ச ராணி தன் எழுத்துக்கு மேல வெச்சிருந்த கிரீடம். புது ராஜா தன் எழுத்துக்குன்னு எடுத்துக்கிட்டது குழியே இல்லாத உருண்டை வளைவு. இதுல ராஜா எழுத்துக்கு மேல ராணி கிரீடம் உக்காந்திருக்குது. ஆசிப்புக்கு எல்லாக் கிரீடமும் ஒண்ணுதான். இது தப்புன்னு கண்டுபிடிக்க, கண்டுபிடிச்சுப் பதறிப்போக, இங்க ஒருத்தராலதான் முடியும்."

சண்முகப்ரியா வெங்கடபதியின் பக்கம் திரும்பினார்.

"வெங்கடபதி சார், முடி சூட்டறது ராஜாவுக்கு. நீங்க காலையில 'ராணி கிரீடம்'னு சொன்னீங்க."

"வாய் தவறியிருக்கலாமே மேடம்?" என்றான் அன்புமணி. "எழுபது வருசம் ராணி ராணின்னு சொல்லிப் பழகின வாய்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனாலதான் மைக்கு அடியில என்ன இருக்குதுன்னு பார்த்தேன். அவர் வாய் தவறலை அன்பு. உள்ளதைத்தான் சொன்னாரு."

வெங்கடபதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துப் பொழுதோட மகனுக்குப் பெருமையா படம் அனுப்பிச்சேன் அம்மணி. அவன்தான் கேட்டான், ஏம்பா ராணி கிரீடம் போட்டிருக்கீங்கன்னு. எனக்கு நிலம் நழுவிப் போச்சு. அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவன், நானே தப்பைப் பண்ணிட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்? துணி கெட்டுப்போனா புது ஸ்கிரீன் போடுவீங்க, சரியான படத்தைக் கமுக்கமா வெச்சரலாம்னு…"

"அதுக்கு என் பேருதான் கிடைச்சுதுங்களா?" ஆசிப் மேசையைச் சுற்றி அவர் முன்னால் வந்து நின்றான். "போலீசுல வேற குடுக்கச் சொன்னீங்க!"

வெங்கடபதி தலை நிமிரவில்லை. "மன்னிச்சுரு தம்பி. பழனியாத்தா, நீயும் மன்னிச்சுக்க."

சாஜிதா பேகம் நீண்ட பெருமூச்சு விட்டார். "கேஸு குடுக்கறதா வேண்டாமான்னு ஆசிப் சொல்லட்டும்."

ஆசிப் கிழிந்த ஸ்கிரீனை எடுத்து ஓரமாக வைத்தான். "கேஸெல்லாம் வேண்டாங்க. யார் பண்ணினதுன்னு டீக்கடை வரைக்கும் இவரே போய்ச் சொல்லட்டும். அப்புறம் வந்து பக்கத்துல உக்காந்து, எந்தக் கிரீடம் சரின்னு காட்டட்டும். சாயங்காலத்துக்குள்ள அடிக்கணும்ல?"

அதன்பிறகு பட்டறையே பற்றிக்கொண்டதுபோல் ஆனது. வெங்கடபதி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆசிப் வளைவை வரைந்தான். லண்டன் கடைக்காரர் படத்தைப் பார்த்துச் சரி என்றார். புது ஸ்கிரீன் ஏறியது. பழனியாத்தாள் மை இழுக்க இழுக்க, அன்புமணி துணிகளை ஓடி ஓடிக் காயப்போட்டான். சண்முகப்ரியாகூட மின்விசிறிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியை ஒட்டும்போது வேன்காரர் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கினார்.

வேன் அவிநாசி சாலை விமான நிலையத்தை நோக்கித் திரும்பிய பிறகுதான் பழனியாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, அந்த ராஜா நம்ம துணியிலதான் தட்டுத் தொடைப்பாருங்களா?"

"அவர் எதுக்குத் தொடைக்கறாரு?" என்றார் வெங்கடபதி, பழைய மிடுக்கு மெல்லத் திரும்ப. "அவருக்குத் தொடைச்சுக் குடுக்கவே நூறு ஆளு இருக்குது."

"அதைத்தானுங்க சார் நானும் இத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன்!" என்று ஆசிப் கத்த, வெங்கடபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.