விரலை எடுக்காத மீனாட்சி

கரும்பலகையில் பரிதாவின் பெயரைப் பார்த்தாலே மீனாட்சிக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன!

ஏற்காட்டில் அவர்கள் பள்ளிக்கு அந்த வருடம்தான், 1995-இல், ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. லூர்துராஜ் சார் அதில் ஒரு விளையாட்டை அவரே உருவாக்கி வைத்திருந்தார். திரையில் ஓர் ஆள் கையை வெட்டிக்கொண்டு விழுவான். அங்கே காட்டும் பொருள்களில் துணியைத் தேர்ந்தெடுத்துக் காயத்தில் வைத்து, ஒரு பொத்தானை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கோடு முழுதாக நிரம்புவதற்குள் விரலை எடுத்தால் போச்சு, ஆள் காலி!

வாரா வாரம் ஜெயித்தவர் பெயரைச் சார் பலகையில் எழுதுவார். நான்கு வாரமாகப் பரிதாதான்.

மீனாட்சியோ முதல் ஆட்டத்தில் காயத்துக்குக் காப்பித்தூளைத் தேர்ந்தெடுத்தாள். கொட்டச்சேடு கிராமத்தில் அவள் வீட்டில் அதுதானே வழக்கம்! ஆள் காலி. வகுப்பே சிரித்தது. பரிதாவும் சிரித்தாள். அதை மட்டும் மீனாட்சி மறக்கவே இல்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில், ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கும் அவசரத்தில் பாதியிலேயே விரலை எடுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரிதா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா மிளகு வாங்க ஜீப்பில் மீனாட்சி வீட்டுக்கு வந்தார். கூடவே பரிதாவும்.

"பரிதா எத்தனை அடக்கமா உக்காந்திருக்குது, பாரு கண்ணு! நீயும் இருக்கியே!" என்றார் அம்மா.

போதாதா! மீனாட்சி அவளைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எப்படிடி நீ மட்டும் ஜெயிக்கறே?"

"நான் விரலை எடுக்க மாட்டேன். உனக்குத்தான் பொறுமையே இல்லையே."

"ஓகோ! இந்த ஆரஞ்சு மரத்துல ஏறிக் காட்டு பார்க்கலாம். ஏறத் தெரியாதில்ல?"

பரிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏறினாள். ராத்திரி மழையில் நனைந்திருந்த கிளை வழுக்கியது. விழுந்தவளின் முழங்கைக்குக் கீழே, ஆட்டுக்கொட்டகைத் தகரம் ஆழமாகக் கிழித்துவிட்டது.

ரத்தம் கொட்டியது. அம்மா காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார்.

"வேண்டாம்மா! அதை வெச்சா ஆள் காலி!"

"என்னடி உளர்றே?"

மீனாட்சி கொடியில் காய்ந்த துண்டை உருவினாள். மடித்தாள். காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். பரிதாவின் கையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே, ஆஸ்பத்திரிக்குப் போக அவளோடு ஜீப்பில் ஏறினாள்.

"நின்னுடுச்சான்னு ஒரே ஒரு தடவை பாரேன், மீனா," என்று அழுதாள் பரிதா.

மீனாட்சிக்கும் பார்க்கத்தான் ஆசை. நொம்ப ஆசை! "மாட்டேன்," என்றாள்.

துண்டு சிவந்தது. அதை எடுக்காமல், பரிதாவின் அத்தா கொடுத்த துணியையும் மேலே வைத்து அழுத்தினாள். வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்கியது. விரல்கள் மரத்துப்போயின.

நான்தானே ஏறச் சொன்னேன்! சாமி, இவள் எல்லா வாரமும் ஜெயிக்கட்டும். இவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாந்தாமேரி, "இப்ப விடலாம் கண்ணு," என்றார்.

"நெசமா விடலாமாங்க?"

மூன்று தடவை கேட்ட பிறகுதான் விட்டாள். பரிதாவுக்கு ஏழு தையல் போட்டார்கள்.

"அழுத்திப் பிடிச்சதாலதான் பொழச்சுது. இல்லாட்டி நொம்ப ரத்தம் போயிருக்கும்," என்றார் நர்ஸ்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மீனாட்சி, பாதியிலேயே விரலை எடுத்தாள். ஆள் காலி! பரிதா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையாலேயே ஜெயித்தாள். மீனாட்சிக்கு லேசாக வயிறு எரிந்தது.

சார் சாக்பீஸை எடுத்தார். பரிதா எழுந்து நின்றாள்.

"என் பேரை எழுதாதீங்க சார். நான் காப்பாத்துன ஆளு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கான். மீனா காப்பாத்துன ஆளு இங்க நிக்குது."

சார் பெரிய எழுத்தில் 'மீனாட்சி' என்று எழுதினார்.

அன்றைக்குப் பள்ளி விட்டதும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றதில், மீனாட்சி கொட்டச்சேட்டு பஸ்ஸை விட்டுவிட்டாள்.