கனமில்லாத கயிறு

"இந்தக் கயித்தை யாரு கட்டினது?"

உச்சி உத்தரத்திலிருந்து வந்த அந்தக் குரலில்தான் எவ்வளவு கோபம்! ஒத்திகைக்கு வந்து நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். அரங்கத்தின் கயிறுகளையும் கப்பிகளையும் பார்த்துக்கொள்பவன். அவளுடைய மாயாஜாலக் குழு ஊருக்குள் வந்து இறங்கிய அன்றே ஒரு வம்பு.

"நான்தான். ஏன்?"

"கட்டவே இல்லையே. சும்மா மேல போட்டு வச்சிருக்கீங்க. இதை நம்பியா அந்தரத்துல தொங்கப் போறீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ அரங்கம் பார்த்தாயிற்று, ஒருவரும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. கயிறு கண்ணில் பட்டால் போதும், அதுதான் சூட்சுமம் என்று சனங்கள் நிம்மதியாகக் கைதட்டிவிட்டுப் போவார்கள். மற்றபடி அவளுக்குக் கயிறு எதற்கு? அவள் வீட்டுப் பெண்கள் நடக்கப் பழகும்போதே மிதக்கவும் பழகிவிடுகிறார்கள்.

அவன் கீழே இறங்கி வந்தான். கூரை ஒழுகி, இமையிலெல்லாம் மழைத்துளி... தானே கட்டி, தானே மேலே உட்கார்ந்து பிடித்துக்கொண்டால்தான் திரை ஏறும் என்றான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தபடி முறைத்தாள். ஆனால் அந்தக் கண்களில் இருந்தது கோபமில்லை, பயம். அவள் விழுந்துவிடுவாளோ என்கிற பயம்! இதுவரை அவளுக்காக யார் அப்படிப் பயந்தார்கள்? பாழாய்ப்போன மனசு அங்கேயே சாய்ந்துவிட்டது.

ஒத்திகையில் அவள் மேலே எழுந்தாள். அவன் கையில் கயிறு துவண்டது. ஆள் கனம் அதில் இறங்கவே இல்லை. எட்டிப் பார்த்தான்... கயிற்றையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளோ, "நீங்க பார்த்தது நிஜம்தான்" என்றுவிட்டாள். அவன் துவண்ட கயிற்றை மறுபடி கையில் சுற்றிக்கொண்டான்.

கீழே அதைக் கேட்டுவிட்ட, குழுவின் தலைவரான அப்பா கொதித்துப் போயிருந்தார். அத்தை ஒருத்தி இப்படித்தான் நம்பி ஒருவனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் ஊரையே கூட்டிக்கொண்டு கல்லோடு வந்தான். அதிலிருந்துதான் இந்தக் கயிறு. "விளையாட்டுக்குச் சொன்னேன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லு. இல்லேன்னா இனிமே மேடை ஏறாதே" என்றார்.

"தினமும் அரங்கம் முழுக்கப் பொய் சொல்றேன்பா. ஒரே ஒரு ஆள்கிட்டயாவது நான் நானா இருந்துக்கிறேன். மேடையும் ஏறுவேன்."

சாயங்காலம் திரை ஏறியது. அப்பா தடுக்க எழுவதற்குள் அவள் மேடைக்கு நடுவில் போய் நின்றுவிட்டாள். கூட்டத்தின் முன்னால் அவர் என்ன செய்வார்? சிரித்த முகத்தோடு கையைத் தூக்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் எழுந்தாள். வழக்கமாக நிற்கும் பாதி உயரத்தில் நிற்கவில்லை. விளக்குகளைத் தாண்டி, மழை தடதடக்கும் கூரை வரைக்கும் போனாள். அங்கே அவன்... துவண்ட கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு!

"அதான் தெரிஞ்சுபோச்சே. இன்னும் ஏன் விடாம உட்கார்ந்திருக்கீங்க?"

"தேவையில்லைன்னு புத்திக்குத் தெரியுது. கை கேட்க மாட்டேங்குது."

"என்னைப் பார்த்தா பயமா இல்லையா?"

"நீங்க நாளைக்கே வேற ஊருக்குப் போயிடுவீங்களே, அதுதான் பயமா இருக்கு."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. இன்னும் நெருங்கி வந்தாள். கீழே சனங்கள் கயிற்றுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு உங்களை விட்டுட்டு இருக்க முடியாதுன்னு தோணுது" என்றாள். "உங்களுக்கு?"

"எனக்கும்தான்... நானும் உங்க கூடவே வந்துடறேன்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"சத்தமா சொல்லுங்க. கீழே எங்கப்பா நிக்கிறார்."

அவன் சொன்னான்... கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி.