சிவப்பில் ஒரு துளி பழுப்பு!

"வா... வா... இன்னும் வா..."

காருக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவன் கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்... வா... போதும், நிறுத்து!"

அவள் நிறுத்தவில்லை.

"நிறுத்துடி! ஏய், உனக்குத்தான் சொல்றேன்! நிறு..."

டமார்!

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குறுகலான சந்து. எதிரே உயரமான செங்கல் சுவர். அந்தச் சுவருக்கும் காருக்கும் நடுவே, அவன் சொல்ல வந்ததன் மிச்சம் நசுங்கிப் போனது.

இன்ஜின் மட்டும் நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்துக் கார். என்ன ஆரோக்கியம்!

அவள் கியரை மாற்றினாள். காரை மெதுவாக முன்னால் எடுத்து ஷெட்டுக்குள் விட்டாள். ஹாண்ட் பிரேக் போட்டாள். இறங்கி வந்து பார்த்தாள்.

கணவன் சுவரோரமாகச் சரிந்து கிடந்தான். கண் திறந்தே இருந்தது. அப்போதும் அவள் டிரைவிங்கில் ஏதோ குறை கண்டுபிடித்தவன் போலத்தான் முகத்தை வைத்திருந்தான்.

"நிறுத்திட்டேங்க" என்றாள் அவள்.

அன்று காலை டிபன் சாப்பிடும்போதுதான் அவன் அந்த விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தான்.

"அச்சு எல்லாத்தையும் பெட்டியில கட்டு. கடை திறக்கப் போறேன்."

அவள் முகம் மலர்ந்தது. "நெஜமாவா? நம்ம பேர்லயா?"

"அவ பேர்ல."

அவள் என்றால் மஞ்சள் ஸ்கூட்டர். சில மாதங்களாகத் தெருமுனை வரை வந்து, ஹாரன் அடித்து, அவனை ஏற்றிக்கொண்டு போகிறவள்.

"அவளுக்கு லென்ஸைப் பத்தி என்னங்க தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்? பார்க்க லட்சணமா இருக்கா. அவதான் செய்யறான்னு போர்டு வச்சா கூட்டம் வரும். நீ வழக்கம்போல பின்னறையில செஞ்சு குடுத்துடு. உன் மூஞ்சியை யாரு பார்க்கப் போறாங்க?"

இந்த இடத்தில் லென்ஸ் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய கார்களின் பின் விளக்கு மேலே சிவப்பாக ஒரு மூடி இருக்குமே, அதுதான் லென்ஸ். உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்பெனியே என்றைக்கோ மூடியிருக்கும். வீட்டிலேயே ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் என்ற இறுகும் பிசினில் சிவப்புச் சாயம் கலந்து வார்க்க வேண்டும். அந்த வட்டாரத்தில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதற்காக அவள் கணவனைத்தான் தேடி வந்தார்கள். 'லென்ஸ் மன்னன்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள்.

மன்னன் ஊற்றினால் லென்ஸ் முழுக்க குமிழி! சோடா தோற்றுப்போகும்.

வார்த்தது, தேய்த்தது, பாலிஷ் போட்டது எல்லாமே அவள். யாராவது வந்தால் உள்ளே போய்விட வேண்டும். "என் வீட்டுக்காரியா? கலக்கின கப்பைக் கழுவி வைப்பா. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு!" என்று அவன் சொல்லிச் சிரிக்க, வந்தவர்களும் சிரிப்பார்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். புருஷன் பேர்தானே, போகட்டும்.

ஆனால் இன்னொருத்தி பேரா? அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"கடைக்கு போட்டோ எடுக்கணும்" என்று கை கழுவினான் அவன். "காரை ரிவர்ஸ்ல சந்துக்கு எடு. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

சொன்னான். அவ்வளவுதான்.

இப்போது அவள் குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கனமான பம்பருக்கு ஒரு சொட்டை கூட இல்லை. அந்தக் காலத்து இரும்பு, சேதாரம் மனுஷனுக்குத்தான். ஆனால்...

வலது பக்க லென்ஸ் சுக்கு நூறாகியிருந்தது!

ஓடினாள். சந்தில் கிடந்த சிவப்புச் சில்லுகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். பம்பரைக் கழுவினாள். வானம் அவள் பக்கம் போலிருக்கிறது, மழை பிடித்துக்கொண்டது. நன்றாகக் கொட்டும்வரை காத்திருந்துவிட்டு அலறினாள்.

"ஐயோ! லாரி! லாரிக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டானே!"

குடோன்களுக்குப் போகும் லாரிகள் அந்தச் சந்தில் புகுந்து வருவது வழக்கம்தான். ஊர் நம்பியது. வந்த போலீசும் நம்பியது. ஷெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சில்லுகளைத் தட்டில் அடுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு நகம் அளவு துண்டு குறைந்தது.

எங்கே போச்சு?

மறுநாள் ஹாலில் உறவுக்கூட்டம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அவள் பின்னறையில் ரெசின் கலக்கிக்கொண்டிருந்தாள்.

வட்ட லென்ஸ், இடதுக்கும் வலதுக்கும் ஒரே அச்சு. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை அளந்து விட்டாள். மெதுவாகக் கலக்கினாள். வேகமாகக் கலக்கினால் காற்று ஏறிவிடும். சிவப்பு விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். ரொம்பப் புதுச் சிவப்பு! இடது பக்க லென்ஸ் பல வருஷ வெயில் பார்த்தது. பக்கத்தில் வைத்தால் குருடன்கூடக் கண்டுபிடிப்பான்.

ஒரே ஒரு துளி பழுப்புச் சாயம் விட்டாள்.

ஆஹா!

கதவு தட்டப்பட்டது. நாத்தனார்! "அண்ணி... என்ன அண்ணி ஒரு மாதிரி வாசனை வருது?"

"அவரோட ரூம் வாசனைம்மா..." குரலை உடைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் இந்த வாசனையோட என்னைத் தனியா விட்டுடு."

வெளியே நாத்தனார் ஓவென்று கதறினாள். அந்தச் சத்தத்திலேயே உள்ளே இவள் காற்றை உறிஞ்சும் மோட்டாரைப் போட்டுக்கொண்டாள். பழைய பிரஷர் குக்கரில் அவளே ஓட்டை போட்டுப் பொருத்தியது. ரெசினில் இருந்த காற்றெல்லாம் நுரைத்து மேலே வந்து உடைந்தது. பிறகு அச்சின் ஒரே ஓரத்தில், நூல் மாதிரி ஊற்றினாள். ஒரு குமிழி இல்லை.

இறுகியதும் எடுத்து, குளிக்கிற சாக்கில் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தத்தில் உப்புத்தாளால் தேய்த்தாள். பாலிஷ் போட்டுக் காரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அவள் வார்த்ததிலேயே அதுதான் உசத்தி.

யாரிடம் காட்டுவது? துக்கமாக இருந்தது. புருஷன் செத்ததற்குக்கூட அவ்வளவு துக்கம் இல்லை.

கூட்டம் கலைந்தபின் ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே தொப்பையும் நக்கலுமாக ஒரு ஏட்டு.

"சும்மா ஒரு சந்தேகம்மா." இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பாலிதீன் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நகம் அளவு சிவப்புத் துண்டு!

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போஸ்ட்மார்ட்டத்துல கிடைச்சுது. உங்க வீட்டுக்காரர் மூடின கைக்குள்ள இருந்துச்சு. லாரியில இந்த மாதிரி லென்ஸ் வராதாமே?"

"அவர் தூங்கறப்பக்கூடக் கையில லென்ஸ் துண்டு வச்சிருப்பாரு சார். அதான் அவர் உலகம்."

"காரைப் பார்க்கலாமா?"

பார்த்தார்கள். ஏட்டு டார்ச் அடித்தார். இடது லென்ஸ், வலது லென்ஸ், ரெண்டும் முழுசு. ரெண்டுக்கும் ஒரே வயசு.

"பம்பர் பளபளன்னு இருக்கே?"

"தினமும் கழுவறது என் வேலை சார். கார், கப்பு, தரை... எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"லென்ஸ் செய்யத் தெரியாதா?"

"எனக்கா?" சிரிக்கவே செய்தாள். "சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது சார் எனக்கு. அவர் சொல்லுவாரே!"

சொல்லும்போதே நாக்கு கசந்தது. ஆனால் அந்தக் கசப்புதான் அவள் உயிர். லென்ஸ் செய்யத் தெரிந்த ஒரே ஆள் செத்துப் போய்விட்டான். அப்புறம் உடைந்த லென்ஸை யார் மாற்றியிருக்க முடியும்? ஒன்றும் தெரியாதவளாக இருக்கும்வரை அவளை யாரும் தொட முடியாது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "கவலைப்படாதீங்க. கொலைகாரி மாட்டியாச்சு."

"யா... யாரு?"

"மஞ்சள் ஸ்கூட்டர்."

அவள் ஷெட்டில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதோ தகராறாம். நீங்க மார்க்கெட் போயிருந்தப்ப வந்து, இதே காரை எடுத்து ஏத்திட்டா. லென்ஸ் உடைஞ்சிருச்சு. மறுநாள் துக்கம் விசாரிக்க வர்ற மாதிரி வந்து புதுசை மாட்டிட்டா. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா."

அன்று அவள் மார்க்கெட்டுக்குப் போகவே இல்லை! ஆனால் கேட்கக் கேட்க அவள் மனசு துள்ளியது. புருஷனும் ஒழிந்தான், இப்போது இவளுமா? ஒரே கல்லில்... பாவி ஏன் ஒத்துக்கொண்டாள்? பயந்திருப்பாள். உள்ளே போகட்டும், கம்பி எண்ணட்டும்!

"அவளுக்கு என்ன தண்டனை சார் கிடைக்கும்?" என்றாள் அடக்கமாக.

"ஆயுள். ஆனா கைகாரி சார் அவ!" என்றார் ஏட்டு இன்ஸ்பெக்டரிடம். "இந்த லென்ஸைப் பாருங்க. கொலையைப் பண்ணிட்டு மறுநாளே இப்படி வார்த்திருக்கான்னா..."

"அதைத்தான்யா பழைய கார்க்காரங்க எல்லாரும் பேசிக்கறாங்க. இத்தனை வருஷமா மன்னன் பேர்ல வந்ததெல்லாம் அவ செஞ்சதாம். பாவம், வெளியில தெரியாத திறமை! இந்த லென்ஸைக் கழட்டி, அவ பேரைப் போட்டு, கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்களாம்."

அவள் விரல்கள் நாற்காலி முதுகை நெரித்தன.

வாயைத் திறக்காதே... திறக்காதே...

"'ஒரு குமிழி இல்லையே, எப்படிம்மா'ன்னு அவகிட்ட கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர் வாசலை நோக்கி நடந்தபடி. "'பெரிய வித்தையெல்லாம் இல்ல சார், அவசரத்துல ஊத்தினேன்'னு சொன்னா."

அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"அந்தக் கலர்? பக்கத்து லென்ஸோட அப்படியே பொருந்துதேன்னு கேட்டேன். சிரிக்கறா. அது தற்செயலா அமைஞ்சிருச்சாம்."

"தற்செயலாவா?"

வீடே அதிர்ந்தது. ஏட்டு டார்ச்சைக் கீழே போட்டார்.

"எது தற்செயல்? எதுய்யா தற்செயல்? ஒரு துளி பழுப்பு விட்டேன்! ஒரே துளி! ரெண்டு விட்டா ரத்தக்கட்டு மாதிரி ஆயிடும். அவளுக்கு ஹார்டனருக்கும் நல்லெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியுமா? குக்கர்ல காத்து உறிஞ்சி எடுத்தது நான்! தேய்ச்சது நான்! ஹால்ல அத்தனை பேரும் அழுதுட்டிருக்க, உள்ள உட்கார்ந்து வார்த்தவ நான்! என் லென்ஸ்ல அவ பேரா?"

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

ஏட்டு நிதானமாகக் குனிந்து டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

"அப்ப உடைச்சவங்களும்..." என்றார் இன்ஸ்பெக்டர் மெல்ல.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ... ஒத்துக்கவே இல்லையா?"

"அந்தப் பொண்ணா? கலக்கச் சொல்லி ஒரு கப் ரெசின் குடுத்தோம். அதுல கையை விட்டுக்கிட்டு இன்னும் எங்க ஸ்டேஷன்ல ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார் ஏட்டு.

"அப்ப என்மேல எப்படி சார் சந்தேகம்? எனக்கு லென்ஸ் தெரியும்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதே!"

"ஒருத்தருக்குத் தெரியும்மா. உங்க புருஷன் அவகிட்ட சொல்லியிருக்காரு. 'எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் என் பொண்டாட்டி கை. அவ மாதிரி வார்க்க இன்னொருத்தி பொறந்துதான் வரணும்'னு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சொல்லிச்சு."

அவள் இன்ஸ்பெக்டரையே பார்த்தாள். கண்ணில் மளமளவென்று நீர் கொட்டியது. இத்தனை நாளில் நிஜமாக வந்த முதல் அழுகை.

"அவரா? அவர் வாயாலயா?"

"ஆமா."

"பொறந்துதான் வரணும்னாரா?"

"ஆமாம்மா. கிளம்பலாமா?"

ஒரே ஒரு தடவை அதை அவளிடம் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சந்தில் அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்கும். கடங்காரன், போயும் போயும் யாரிடம் சொல்லியிருக்கிறான்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜீப்பில் ஏறப் போனவள் சட்டென்று நின்றாள். வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். கை தன்னால் நீண்டு விளக்கைத் தடவியது.

"சார்... உங்க ஜீப்புல வலது பக்க லென்ஸ் விரிசல் விட்டிருக்கே. அச்சு எடுத்துக் குடுத்தா நான் வேணா அங்க உட்கார்ந்தே..."

ஜீப்புக்குப் பின்னால் நின்றிருந்த ஏட்டு அவசரமாக முன்பக்கம் ஓடி வந்து நின்றுகொண்டார்.

"வேண்டாம் தாயி! நீங்க லென்ஸ் மாட்டற வண்டிக்குப் பின்னாடி நிக்கறவனுக்கு ஆயுசு கம்மி!"