நேர் மேலே இருந்த ஏழு

"கையை எடுங்க!"

அவன் எடுக்கவில்லை. டிஸ்க்கின் கைப்பிடியில் விரலை வைத்தபடியே திரும்பிப் பார்த்தான். மழையில் நனைந்த தலைமுடி... அதற்குக் கீழே இரண்டு கண்கள். அம்மாடி! இந்த அவசரத்திலும் அது கண்ணில் படுகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அது மருத்துவமனையின் சர்வர் அறை. அவள் பொறுப்பில் இருப்பது. ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பன்னிரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்று செத்துவிட்டது. அதை மாற்றத்தான் இந்த என்ஜினியர் வந்திருக்கிறான். ஒன்று போனால் பெட்டி தாங்கும். நல்லது ஒன்றையும் உருவிவிட்டால்... கீழே ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும் டாக்டர்கள் முன்னால் ஸ்கேன் படங்கள் அப்படியே மறைந்துவிடும்.

"ஸ்க்ரீன்ல ஏழுன்னு இருக்கு மேடம். இதான் ஏழு. ஆயிரம் டிஸ்க் மாத்தியிருக்கேன்."

"மாத்தியிருப்பீங்க. இந்தப் பெட்டியில மாத்தியிருக்கீங்களா? இது பக்கவாட்டுல எண்ணாது, மேலேர்ந்து கீழே எண்ணும். நிஜமான ஏழு, நீங்க பிடிச்சிருக்கறதுக்கு நேர் மேல. லேபிளைப் பாருங்க!"

ஒவ்வொரு டிஸ்க்கின் முகத்திலும் ஒரு வெள்ளை லேபிள். அதில் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகள். பெட்டி வந்த அன்றே, அதை ஓடவிடுவதற்கு முன், ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்து அவள் ஒட்டியவை. "வேலையத்த வேலை" என்று மேனேஜர் சிரித்தார். உப்பு டப்பாவுக்குக்கூட லேபிள் ஒட்டுகிறாள் என்று வீட்டில் அக்கா இன்னும் கிண்டல் செய்கிறாள். செய்யட்டுமே!

அவன் ஸ்க்ரீனில் ஏழுக்குப் பக்கத்தில் இருந்த சீரியல் நம்பரைப் பார்த்தான். லேபிளைப் பார்த்தான். மறுபடி ஸ்க்ரீன்... முகம் வெளுத்துப்போய் மெதுவாகக் கையை எடுத்தான்.

சரியான டிஸ்க்கை மாற்றினான். புது டிஸ்க்கில் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவன் வாயே திறக்கவில்லை. என்ன திமிர்! ஒரு நன்றி சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

கடைசியில் ரிப்போர்ட்டை நீட்டினான். கையெழுத்துப் போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

'தவறான டிஸ்க்கை எடுக்கவிருந்தேன். இங்குள்ள பொறுப்பாளர் ஒட்டிய லேபிளும், அவர் என்னைத் தடுத்ததும்தான் பெட்டியைக் காப்பாற்றின.'

"இதைப் போய் எழுதுவாங்களா? ஆபீஸ்ல உங்களை..."

"நல்லா வாங்கிக் கட்டிப்பேன். பரவாயில்ல. உங்க மேனேஜருக்கும் ஒரு காப்பி போகுது. படிக்கட்டும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அவள் வேலையை ஒருவர் எழுத்தில் வைத்தது இதுதான் முதல் தடவை.

"அப்போ ஏங்க இவ்வளவு நேரம் வாயே திறக்கல?"

"திறந்தா டிஸ்க்கைப் பத்திப் பேச மாட்டேன்னு பயம்..." அவன் காது சிவந்தது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. தப்புன்னா சொல்லிடுங்க. அடுத்த தடவை வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். வெட்கம்தான்... ஆனால் தலை குனியவில்லை.

"வேற ஆளெல்லாம் வேணாம். தப்பு பண்ணப் பார்த்தேன்னு கைப்பட எழுதித் தர்ற ஆள்தான் எனக்கும் பிடிச்சிருக்கு."