உள்ளூர்க்காரிக்கு மணல் கிடையாது

“எனக்கும் பூசுங்க, மாமா.”

அந்தத் தீவில் பிறந்தவள் கேட்கவே கூடாதது அது. சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார்கள். படகில் வந்திறங்கிய ஆறு சுற்றுலாப் பயணிகளின் கன்னத்தில் ஈரமணலைத் தடவி, அவர்களைத் தீவைக் காக்கும் ஆவியான காவல்காரிக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த பவுரோ மாமாவின் கை பாதியில் நின்றது.

“நாலு வருஷம் கடல் தாண்டி சுவா பட்டணத்துல படிச்சா நீ வெள்ளைக்காரி ஆயிடுவியா, அரோயிதா? மணல் அந்நியருக்கு. கேட்டு வாங்கிப் பூசிக்கிட்டா உனக்கு இங்க வீடும் இல்ல, அம்மாவும் இல்ல.”

“காவல்காரிக்கு என்னைத் தெரியல மாமா. வந்து ஒரு மாசமாச்சு. ஒரு நாள்கூட தூங்கல.”

“பட்டம் வாங்கினவ பேச்சைப் பாரு. போ, போய்ப் படு.”

இந்த ஆறு பேரையும் வரவழைத்ததே அவள்தான். காயலின் நீலத்தையும் காவல்காரியின் கதையையும் விளம்பரத்தில் எழுதியவள். அவர்களுக்கு நொடியில் கிடைத்த அறிமுகம் அவளுக்கு இல்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

கொப்பரை உலரும் நெடியும் தாழையோலைகளின் உரசலும் வழியெல்லாம் கூடவே வர, சாயும் வெயிலில் தன் நிழல் மட்டும் ஓரடி பின்தங்கி வருவதுபோல் தோன்ற, அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஊர் திரும்பிய முதல் நாளே அம்மா மூன்று தட்டு வைத்திருந்தாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரவில் படுக்கப்போனால் அவள் பாய் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும்.

சுவரில்லாத மேடை வீடு. தூரத்திலேயே தெரிந்தது. அம்மா யாருக்கோ தலை வாரிக்கொண்டிருந்தாள்.

தேங்காயெண்ணெய் வாசனை. அதனடியில் கடல்பாசி நாற்றம்.

உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். அரோயிதாவின் முகம். நாலு வருட வெயிலில் கறுத்த முகம். எங்கும் போகாத முகம்.

“அம்மா.”

அம்மா நிமிரவில்லை. “யாரும்மா அது? மணல் பூசிக்கிட்டு வா. புது ஆளுங்க சும்மா மேல ஏறக்கூடாது.”

“நான்தாம்மா.”

“என் பொண்ணு இங்க இருக்கா.”

அம்மா வகிடெடுத்தாள். வகிட்டில் தோல் இல்லை. ஈரமான பவளப்பாறை. அதன் பொந்தில் சின்ன நண்டு ஒன்று உள்ளே ஒதுங்கியது. அம்மா அதன்மேல் எண்ணெய் தடவினாள்.

அரோயிதா தூணில் தொங்கிய பையை எடுத்தாள். பயணிகளின் படகு இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். இனி இந்த ஊரிடம் எதையும் கேட்பதாக இல்லை.

நடந்தாள்.

பின்னால் சீப்பு பாறையில் உரசியது. மெதுவாக. சிக்கெடுக்கையில் வலித்துவிடக்கூடாதே என்பதுபோல.